முகப்புக்குப் பின்னால்: பழைய கட்டடங்களின் படக் கண்காட்சிகள் காட்டுவதும் விடுவதும்

ஆகஸ்ட் 22ஐ ஒட்டிய நாட்களில் சென்னையின் பள்ளி அரங்குகளிலும் கல்லூரிக் கூடங்களிலும் நகரத்தின் பழைய கட்டடங்களைக் காட்டும் ஒளிப்படங்கள் மாட்டப்படுகின்றன. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரை நிலம் வழங்கப்பட்ட நாளை நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடும் வழக்கம், சென்னை வரலாற்றாளர் எஸ். முத்தையாவும் அவருடைய இதழாள நண்பர்கள் சிலரும் முன்கை எடுத்ததால் 2004இல் தொடங்கியது. மரபு நடை, சொற்பொழிவு, வினாடி வினா ஆகியவற்றோடு படக் கண்காட்சியும் அதில் நிலையான இடத்தைப் பிடித்துவிட்டது. பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் தெருவைத் தேடுகிறார்கள். 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் படத்துக்கு முன்னால் பழைய புத்தகம் வாங்கிய கதைகளைப் பேசிக்கொண்டு பெரியவர்கள் நின்றுவிடுகிறார்கள். இளையவர்கள் கைபேசியில் படத்தைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போகிறார்கள்.

இத்தகைய கண்காட்சிகளைப் பழைய நினைவுகளில் மூழ்கும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரு கட்டடத்தின் ஒளிப்படம் முதலில் ஓர் ஆவணம். பழுதுபார்ப்பவருக்கும், வழக்காடுபவருக்கும், வரலாறு எழுதுபவருக்கும் அது பயன்பட்டிருக்கிறது, இனியும் பயன்படக்கூடும். அந்தப் பயன் படத்தின் அழகைவிட, எந்த இடத்தில், எந்த நாளில், எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும், சட்டகத்துக்குள் எதைச் சேர்த்து எதை விட்டார்கள் என்பதையும் பொறுத்தது. நம் உள்ளூர்க் கண்காட்சிகள் இந்த இரண்டிலும்தான் பலவீனமாக இருக்கின்றன.

கட்டடங்களை ஒளிப்படத்தில் பதிவுசெய்யும் வேலை தமிழ்நாட்டில் அரசாணையின் பேரில் தொடங்கிய ஒன்று. பிரான்சில் வரலாற்றுச் சின்னங்களுக்கான ஆணையம் 1851இலேயே ஐந்து ஒளிப்படக் கலைஞர்களை நாடெங்கும் அனுப்பிக் கோட்டைகளையும் தேவாலயங்களையும் படமெடுக்கச் செய்திருந்தது. 1855இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், தொன்மைச் சின்னங்களை ஓவியர்களைக் கொண்டு வரைவதற்குப் பதிலாக ஒளிப்படம் எடுக்கலாம் என்று இந்தியாவிலிருந்த தங்கள் மாகாண அரசுகளுக்குப் பரிந்துரைத்தனர். மதராஸ் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டது அதன் தொடர்ச்சியாகத்தான். 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை அவர் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை ஆகிய ஊர்களில் சுற்றினார். மெழுகு ஊட்டிய காகித நெகடிவ்களைக் கொண்டு வேலை செய்த காலம் அது. ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் ஒளி விழ வேண்டியிருந்ததால், குறுக்கே நடந்துபோனவர்கள் படத்தில் பதியவே இல்லை, அல்லது புகைபோன்ற நிழலாக மட்டும் பதிந்தார்கள். அந்தக் காலத்துக் கோயில் வீதிகள் ஆளரவமற்றுக் கிடந்தன என்று இப்படங்களைப் பார்த்து எண்ணுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரைப் எடுத்தவற்றுள் தனித்து நிற்பது தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காட்டும் தொடர்படம். விமானத்தின் அடிப்பகுதியை ஒட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒன்றாக ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக அதை ஆக்கினார். கோபுரத்தின் கம்பீரத்தையோ நந்தியையோ காட்டும் முயற்சி அன்று இது. வரிவரியாக ஓடும் எழுத்துகளைப் படிக்கத்தக்க வகையில் பதிவதே நோக்கம். கோயிலைக் கட்டியவன் முதலாம் இராஜராஜன் என்பதை அந்தக் கல்வெட்டுகளைப் படித்துக் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் நிறுவியது 1880களின் பிற்பகுதியில்தான். தான் படமெடுத்த எழுத்துகள் சொல்லும் செய்தி பொதுவெளிக்கு வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே டிரைப் அவற்றைப் பதிந்துவிட்டார். நல்ல ஆவணப்படம் எடுத்தவரின் அறிவைத் தாண்டியும் பேசும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் ஊரில் கிடைப்பது அரிது.

மதுரையில் அவர் எடுத்த திருமலை நாயக்கர் அரண்மனைப் படங்களின் பயன் வேறு வகையானது. 1636இல் எழுப்பப்பட்ட அந்த அரண்மனையின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எஞ்சியிருந்த பகுதியும் 1858இல் சிதைந்துகொண்டிருந்தது. 1866இல் ஆளுநராக வந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க ஆணையிட்டார். பணியில் கட்டடக்கலைஞர் ராபர்ட் சிஸோம் ஈடுபட்டார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லத்தை வடிவமைத்தவர் இவரே. இன்று அரண்மனைக்குச் செல்லும் ஒருவர் பார்க்கும் தூண்களிலும் வளைவுகளிலும் நாயக்கர் காலத்து வேலை எது, நேப்பியர் காலத்துப் பழுதுபார்ப்பு எது என்று கேட்டால், விடை தேடப் பழுதுபார்ப்புக்கு முந்தைய படங்கள் இன்றியமையாதவை. மாலை ஒலி-ஒளிக் காட்சியில் இந்தக் கேள்வி எழுவதில்லை. கண்காட்சி அமைப்பவர்கள் எழுப்பலாம்.

ஆனால் டிரைப்பின் படங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மட்டுமீறிய கூருணர்வு கொண்டது. அதனால் வானம் வெறும் வெள்ளையாகப் பதியும். அந்த வெறுமையைப் பொறுக்காமல், நெகடிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களையும் மர இலைகளையும் டிரைப் தாமே சேர்த்தார். சிவப்பு நிறத்துக்கு அதே பூச்சு ஏறக்குறைய குருடு. ஆகவே 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் செங்கல் கட்டடங்கள் உண்மையில் இருந்ததைவிடக் கறுத்தும், சிப்பிச் சுண்ணாம்பு பூசி மெருகேற்றிய சுவர்கள் இன்னும் வெளுத்தும் தெரிகின்றன. பழைய படத்தைக் காட்டி ‘அன்றைக்கு இந்தச் சுவர் எப்படி மின்னியது பாருங்கள்’ என்று வியப்பதற்கு முன்னால் இந்த வேதியியலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிரைப்பின் பணி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், அப்போதைய நிதி நெருக்கடியில் அரசு ஒளிப்படக்காரர் என்பது ஆடம்பரம் என்று கருதி அந்தப் பணியை மூடினார். மரபு ஆவணப்படுத்தலுக்கான செலவு வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் வெட்டுப்படும் செலவாக இருப்பது அன்று தொடங்கிய பழக்கம்.

அரசு விட்ட இடத்தை வணிகம் பிடித்தது. நிக்கோலஸ் கம்பெனி, வீலே அண்ட் க்ளைன் போன்ற நிறுவனங்கள் சென்னையில் இருந்துகொண்டு ஊர்க்காட்சிகளை விற்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஞ்சலட்டைகள் பெருகின. இன்று உள்ளூர்க் கண்காட்சிகளில் பெரிதாக்கி மாட்டப்படும் ‘பழைய மெட்ராஸ்’ படங்களில் கணிசமானவை இந்த அஞ்சலட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றின் நிறத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அக்காலத்து வண்ண அஞ்சலட்டைகளுள் பல, கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் நிறமேற்றி ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், அச்சிடப்பட்டவை. நிறமேற்றிய அச்சகத் தொழிலாளி மவுண்ட் ரோட்டைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆகவே ஒரு கட்டடத்துக்கு எந்த வண்ணம் பூச வேண்டும் என்ற விவாதத்தில் இந்த அட்டைகளை ஆதாரமாக நீட்டுவது சரியாகாது. கண்காட்சியில் அட்டையை மாட்டும்போது ‘நிறம் பின்னர் ஏற்றப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைத்தான் பெரும்பாலும் காண முடிவதில்லை.

குறிப்பு இல்லாத படத்துக்கு நாளைக் கண்டுபிடிப்பது முடியாத காரியமில்லை. படத்துக்குள்ளேயே சாட்சிகள் இருக்கும். சென்னையில் மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றது. தெருவின் மேலே டிராம் கம்பி தெரிந்தால் படம் அந்த இடைப்பட்ட காலத்துக்கு வந்துவிடுகிறது. மவுண்ட் ரோட்டில் ஜெனரல் நீலின் சிலை நின்றுகொண்டிருந்தால் 1937க்கு முந்தையது, ஏனென்றால் அந்த ஆண்டில்தான் அது அங்கிருந்து அகற்றப்பட்டது. தூரத்தில் எல்.ஐ.சி. கட்டடம் தலை நீட்டினால் 1950களின் இறுதிக்கு முன்னே போக வழியில்லை. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய வரிசை இதற்கு நல்ல அளவுகோல்: விக்டோரியா பொது மண்டபம் 1880களின் பிற்பகுதி, மூர் மார்க்கெட் 1900, ரிப்பன் மாளிகை 1913. விக்டோரியா மண்டபம் இருந்து, பக்கத்தில் ரிப்பன் மாளிகை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், கால் நூற்றாண்டு இடைவெளிக்குள் படத்தை நிறுத்திவிடலாம். பார்வையாளர்களிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கும் கண்காட்சி, ‘மவுண்ட் ரோடு, பழைய படம்’ என்று எழுதி ஒட்டும் கண்காட்சியைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

படங்களும் பட்டியல்களும் நீதிமன்றம் வரை போன கதையும் சென்னைக்கு உண்டு. மவுண்ட் ரோட்டில் மருந்து வணிகரான டபிள்யூ.இ. ஸ்மித் நிறுவனத்துக்காக 1897இல் கட்டப்பட்ட கார்டைல் கட்டடம், 1930களில் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து அந்தப் பெயராலேயே அறியப்பட்டது. காப்பீட்டுத் துறை நாட்டுடைமையானபின் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்குச் சொந்தமானது. 2006இல் அதை இடிக்கும் பணி தொடங்கியபோது, மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது, இடிப்பு நின்றது. 2010இல் வந்த தீர்ப்பு அந்த ஒரு கட்டடத்தோடு முடியவில்லை. நகரின் விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் 467 மரபுக் கட்டடங்கள் இருந்தன. அவற்றுக்குப் பாதுகாப்புக் கிடைக்கவும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் மரபுப் பாதுகாப்புக் குழு அமையவும் அந்தத் தீர்ப்பு வழிவகுத்தது. பலகைகளை அகற்றும் வழக்கிலிருந்து மரபுப் பட்டியல் பிறந்தது விநோதம்தான். ஆனால் கட்டடத்தின் முகத்தை மறைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டுமென்றால், எந்தக் கட்டடம் என்பதை முதலில் எழுதி வைத்தாக வேண்டுமல்லவா?

அந்தப் பட்டியலைத் தொடங்கி வைத்த கவலையும் முகப்பைப் பற்றியதே என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கட்டட ஒளிப்படக்கலையின் பெருங்குறையும் அதுவே. படக்காரர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று, காலை வெயில் விழும் நேரம் பார்த்து, முகப்பை எடுக்கிறார். கட்டடமோ முகப்பிலிருந்து சாவதில்லை. கூரையிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் சாகிறது. சென்னையின் பழைய கட்டடங்களுள் பெரும்பாலானவற்றின் கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் முறையில் அமைந்தது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களையும் குறுக்குக் கட்டைகளையும் வைத்து, அவற்றின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களை விளிம்பு நிமிர்ந்தபடி சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு நாட்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து குழைத்த கைகள் இன்று அருகிவிட்டன. தட்டோட்டின் இடுக்கில் நீர் இறங்கினால், அந்த நீர் உத்திரத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் தேங்குகிறது. மரம் அங்கேதான் உளுக்கிறது. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று வேரை உள்ளே விடுகிறது. உடைந்த மழைநீர்க் குழாய் ஒரே மூலையைப் பத்து மழைக்காலம் நனைக்கிறது. போதாததற்கு, சுண்ணாம்புச் சுவரின் மேல் யாரோ நல்லெண்ணத்தில் சிமென்ட் பூசிவிட, உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லைத் தின்கிறது. இவற்றில் ஒன்றுகூட முகப்புப் படத்தில் விழாது. மொட்டைமாடியிலிருந்து எடுத்த ஒரு படம், பின்முற்றத்துக் குழாயின் ஒரு படம், உத்திர நுனியின் ஒரு படம் ஆகிய மூன்றும் இருந்தால் பொறியாளருக்கு முகப்பின் முப்பது படங்களைவிட அவை உதவும்.

சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் இதற்கு உதாரணம். 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டப்பட்ட அந்த மாளிகையில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது; மரத்தைத் தாங்கலாகக் கொண்ட கூரை பெரிதும் அழிந்தது. பின்னர் பொதுப்பணித்துறை அதை மீட்டெடுத்தது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கே இயங்குகிறது. அதன் வெளித்தோற்றத்துக்குப் படங்களுக்குப் பஞ்சமில்லை. அரசு அலுவலகமாக இருந்த பல பத்தாண்டுகளில் உள்ளறைகளையும் கூரையின் அடிப்பக்கத்தையும் படமெடுக்க எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும் என்பதே கேள்வி.

புதுச்சேரியில் நேர்ந்தது இன்னும் கடுமையானது. கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மேரி எனப்படும் நகரமன்றக் கட்டடம், சீரமைப்புப் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டிருந்தபோதே, 2014 நவம்பர் மழையில் இடிந்து தரைமட்டமானது. கடற்கரைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்ட கட்டடம் அது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இருக்கும் படங்களையும் வரைபடங்களையும் கொண்டு ஒரு வடிவத்தை மீட்டுவிடலாம் என்பதற்கு அது சான்றுதான். ஆனால் பழைய செங்கல்லும் சாந்தும் கைவேலையும் திரும்பி வருவதில்லை. புதிய மேரியின் படத்தை ‘பிரெஞ்சுக் காலக் கட்டடம்’ என்ற குறிப்போடு காண நேர்ந்தால், அந்தக் குறிப்பில் 2014 என்ற எண் விடுபட்டிருக்கிறது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இன்னொரு விடுபடல், எந்தக் கட்டடம் ‘வரலாற்றுக் கட்டடம்’ ஆகிறது என்பதில் இருக்கிறது. உயர் நீதிமன்றம், எழும்பூர் நிலையம், செனட் இல்லம், ரிப்பன் மாளிகை எனச் செங்கல்லும் குவிமாடமும் கொண்ட அரசுக் கட்டடங்களே சுவரை நிரப்புகின்றன. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் எஞ்சியுள்ள திண்ணை வீடுகள், ஜார்ஜ் டவுனின் கடையும் வீடும் ஒன்றான கட்டடங்கள், மாதவரம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகள் ஆகியவை அரிதாகவே இடம்பெறுகின்றன. இவற்றுக்குத் தனித்தனியே பெரிய வரலாறு கிடையாது. ஒரு தெருவாக நிற்கும்போதுதான் இவற்றின் மதிப்பு. புதுச்சேரி இந்த விஷயத்தில் முன்னால் இருக்கிறது: அங்கே தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் தெருவின் திண்ணைகளும் தாழ்வாரங்களும் ஒரு தெருவாகவே சீரமைக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் பாராட்டுப் பெற்றன. சென்னையில் உயர் நீதிமன்றத்தை யாரும் இடிக்கப் போவதில்லை. அடுத்த ஆகஸ்டுக்குள் அடுக்ககமாக மாறவிருப்பது திண்ணை வீடுதான். படமெடுக்க அவசரம் இருப்பதும் அங்கேதான்.

சட்டம் இதற்குப் பெரிய தடையில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு கட்டடத்தைப் படமெடுப்பதையும் அந்தப் படத்தை வெளியிடுவதையும் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. நடைமுறையில்தான் சிக்கல். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும்; கோட்டை, நீதிமன்ற வளாகம் போன்றவற்றுக்குப் பாதுகாப்புக் கட்டுப்பாடு உண்டு; தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்ய உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. வழிபாட்டிடத்தின் அமைதிக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் புதுப்பிப்பின்போது, மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுரண்டும் மணல்வீச்சுக்கோ டைல்ஸுக்கோ ஆளாகும் மண்டபத்தின் முந்தைய நிலையைப் பதிவுசெய்ய ஆள் இருக்க மாட்டார் என்பதும் அதன் விளைவு. திருப்பணி தொடங்கும் முன் முழுமையாகப் படமெடுத்து ஆவணப்படுத்துவதைப் பார்வையாளரின் கைபேசிக்கு விட்டுவிடாமல், பணியை மேற்கொள்பவரின் கட்டாயக் கடமையாக்குவதே முறை.

கண்காட்சி முடிந்த பிறகு படங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அமைப்பாளர்கள் பொதுவாக யோசிப்பதில்லை. அச்சிட்ட பலகைகள் பள்ளியின் பண்டக அறைக்குப் போகின்றன. கோப்புகள் எடுத்தவரின் வன்தட்டில் ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கும் எண்களோடு தங்கிவிடுகின்றன. சமூக ஊடகத்தில் ஏற்றியவை அளவு சுருக்கப்பட்டு, எடுத்த நாளும் இடமும் நீக்கப்பட்டு உலவுகின்றன. டிரைப்பின் படங்கள் 160 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுவதற்கு ஒரு காரணம், அவை இடப்பெயரோடும் விளக்கத்தோடும் தொகுதிகளாக வெளியிடப்பட்டு நூலகங்களில் சேர்ந்தது. உள்ளூர்க் குழு ஒன்று அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. தெருவின் பெயர், கதவு எண், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, நாள், எடுத்தவர் ஆகியவற்றை ஒவ்வொரு கோப்பிலும் எழுதி, சுருக்காத பிரதி ஒன்றை மாவட்ட மைய நூலகத்திலோ அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ ஒப்படைத்து, அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே உயரத்தில் நின்று மறுபடி எடுத்தால், ஐந்தாறு ஆண்டுகளில் அந்தத் தெருவின் எந்தச் சுவரில் எப்போது விரிசல் விட்டது என்று காட்டக்கூடிய வரிசை கையில் இருக்கும்.